நுனியில் இருக்கிறது சூட்சுமம்

அவைத்தலைவர் அவர்களே, மருந்தியல் மாணவர்களே, வேதியியல் படிக்காமலும் ஆர்வத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

டென்ட்ரிமர் என்பது ஒரு கருவிலிருந்து கிளைக்கு மேல் கிளையாக வளர்த்தெடுக்கும் மூலக்கூறு. உடலுக்குள் மருந்தைச் சுமந்து செல்லும் வண்டியாக அதைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். 1985-இல் அமெரிக்காவின் டௌ கெமிக்கலைச் சேர்ந்த டொனால்ட் டொமாலியாவின் குழு அறிவித்த 'பாமாம்' வகைதான் இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நுனிகள் இரட்டிக்கும். நான்காவதில் 64, ஐந்தாவதில் 128. குறுக்களவோ ஐந்து நானோமீட்டரை ஒட்டித்தான். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துவிடும். சாதாரண பாலிமரில் அது நடக்காது.

ஆனால் அந்த நுனிகளில் இருப்பவை அமீன்கள் என்னும் நைட்ரஜன் தொகுதிகள். இரத்தத்தில் அவை நேர்மின்னூட்டம் பெறும். செல் சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒட்டும், ஓட்டை போடும், சிவப்பணுக்களை உடைக்கும். அதனால்தான் நுனிகளை மாற்றுகிறார்கள். அசெட்டைல் தொகுதியால் மூடினால் மின்னூட்டம் அடங்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரைச் சேர்த்தால் இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றும். செல்லுக்குள் நுழைவது மட்டும் சற்றுக் குறையலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபோலிக் அமிலத்தையும் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தையும் ஒரே டென்ட்ரிமரில் கோத்தார்கள். ஃபோலேட் ஏற்பிகள் மிகுந்த புற்றுசெல்லைத் தேடிப் போக, ஃபோலிக் அமிலம்தான் விலாசம். எலிகளில் நல்ல பலன் கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, விலாசமே எழுதாத ஒரு டென்ட்ரிமர். ரங்கராமானுஜம் கண்ணன், சுஜாதா கண்ணன் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. நுனிகளில் வெறும் ஹைட்ராக்சில், மின்னூட்டம் இல்லை. பெருமூளை வாதத்தோடு பிறக்கச் செய்த முயல் குட்டிகளுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டார்கள். அழற்சி இருந்த மூளையில் மைக்ரோக்ளியா என்னும் நோயெதிர்ப்பு செல்கள் அதை விழுங்கின. ஆரோக்கியமான மூளையில் அது தங்கவில்லை. சுமந்து போன மருந்தும் புதிதல்ல: பாராசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவர்களுக்குக் கொடுக்கிற அதே அசிட்டைல்சிஸ்டீன்தான். டைசல்ஃபைடு பிணைப்பில் கட்டியிருந்தார்கள். செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதையோன் அதை அவிழ்த்துவிடும். சில நாட்களிலேயே குட்டிகளின் நடமாட்டம் தேறியது. இந்த வழியில் வந்த மருந்து தீவிர கோவிட் நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை போயிற்று. நுனியில் ஆளுக்கொன்றாக ஒட்டிக்கொண்டே போகும் ஆய்வுக்கட்டுரைகளைப் பார்க்கும்போது, இந்த எளிமையை ஏன் மறக்கிறோம் என்று தோன்றும்.

மெல்போர்னின் ஸ்டார்ஃபார்மா நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. பெண்ணுறுப்பில் வரும் பாக்டீரியா தொற்றுக்கான அவர்களுடைய விவாஜெல்லில், டென்ட்ரிமருக்கு உள்ளே சரக்கே கிடையாது. பாலிலைசின் டென்ட்ரிமரின் நுனியிலுள்ள நாஃப்தலீன் டைசல்ஃபோனேட்டே வேலையைச் செய்கிறது.

இனி மாணவர்களுக்கு ஒரு தலைவலி. 128 நுனிகளில் சராசரியாக ஐந்து ஃபோலிக் அமிலம் சேர்த்தோம் என்று எழுதுகிறோம். உண்மையில் குடுவைக்குள் ஒன்றுமே ஏறாததும் இருக்கும், பத்து ஏறியதும் இருக்கும். ஒரே அளவு என்று பெருமைப்பட்ட பொருள், மேற்பரப்பை மாற்றியதுமே கலவையாகிவிடுகிறது. இதில் எது மருந்து, எது கழிவு? பிரித்துப் பார்க்க ஹெச்பிஎல்சி என்னும் திரவ நிறப்பிரிகை முறை ஓரளவு உதவும். அதைக் கேள்வி நேரத்தில் பேசலாம்.