அம்மா என்ன வேலை செய்கிறார்?

(முதுகலை மகளிரியல் வகுப்பின் முதல் நாளில் மாணவர்களிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு அப்போது 10 வயது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் நீளமான படிவத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். விவசாயம். அம்மாவுக்கு? அம்மா அப்போதுதான் உளுந்து பிடுங்கிவிட்டு வயலிலிருந்து வந்திருந்தார். முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "நான் வீட்டுலதான் சார் சும்மா இருக்கேன்" என்றார். வாத்தியாரும் எழுதிக்கொண்டார்.

அந்த "சும்மா"வைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நீங்கள் படிக்க வந்திருக்கும் துறை நம் நாட்டில் வேர்விட்டதே இப்படிப்பட்ட கணக்குகளைத் திருப்பிப் பார்த்ததில்தான்.

நாட்டில் பெண்களின் நிலையை ஆராய 1971-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் பூல்ரேணு குஹா. உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார், அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவர். அரசியல் சாசனம் சமத்துவம் கொடுத்துவிட்டது, ஓட்டுரிமை இருக்கிறது, டெல்லியில் பிரதமராக ஒரு பெண்ணே இருக்கிறார். நிலைமை நல்லபடியாகத்தான் இருக்கும் என்று படித்தவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குழு கணக்கைப் பிரித்துப் பார்த்தது. 1901-ல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971-ல் 930 பேர். சுதந்திரம் வந்த பிறகும் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போயிருக்கிறது.

அடுத்தது வேலை. 1961 கணக்கெடுப்பில் சுமார் 6 கோடிப் பெண் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1971-ல் சுமார் 3 கோடிதான். பத்தே வருடத்தில் மீதிப் பேர் எங்கே போனார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1961-ல் பருவ வேலை நடக்கும் மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் உழைத்தாலே தொழிலாளி என்று எழுதினார்கள். 1971-ல் "உங்களுடைய முக்கியமான வேலை எது?" என்று கேட்டார்கள். விடியலில் சோறாக்கி, பகலில் களையெடுத்து, பொழுது சாய்ந்தால் மாட்டைக் கட்டுகிற பெண் அதற்கு என்ன சொல்வாள்? வீட்டு வேலை என்றாள். தொழிலாளர் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விட்டது.

கேள்வி மாறியதால் வந்த சரிவு இது. அதே நேரம் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பெண்களுக்கு வேலை குறைந்துகொண்டே வந்ததும் உண்மை. தாளில் காணாமல் போனவர்கள் யார், நிஜமாகவே வேலை இழந்தவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல ஒரு படிப்பு வேண்டியிருந்தது. மகளிரியலின் தேவையை எனக்குப் புரியவைத்தது இந்த இடம்தான்.

குழுவின் அறிக்கை 1974-ல் வந்தது. அதே ஆண்டு பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் முயற்சியில் இதற்கென ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1981-ல் முதல் தேசிய மாநாடும் அங்கேதான். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் மகளிரியல் மையங்கள் பரவின. தேதிகளைப் பாடப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெயரை மட்டும் மறக்காதீர்கள்: லோதிகா சர்க்கார். 1971-ல் அமைத்த அந்தக் குழுவில் இருந்த சட்டப் பேராசிரியர். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், உடம்பில் காயமில்லை, எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதம்தான் என்று உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979-ல் லோதிகாவும் இன்னும் மூன்று சட்ட ஆசிரியர்களும் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்று வாதாடினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. வகுப்பறையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, இந்தத் துறை எல்லாரையும் பார்த்ததா? இல்லை. புனே பல்கலைக்கழகத்தில் சாவித்ரிபாய் புலே பெயரில் இயங்கும் மகளிரியல் மையத்தில் பணியாற்றிய ஷர்மிளா ரேகே, 1998-ல் எழுதிய கட்டுரையில் இதை நேராகவே கேட்டார். "பெண்" என்றால் மேல்சாதிப் பெண், "தலித்" என்றால் ஆண் என்று ஆகிவிட்டதே, தலித் பெண் எங்கே என்று. நடவு வயலிலும் துப்புரவுப் பணியிலும் இருக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது சாதியைக் கேட்காமல் ஒரு பக்கம்கூட நகரக் கூடாது. என் மாணவர்களிடம் இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

மறுபடி கணக்குக்கு வருகிறேன். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் விடாமல் கேட்டதால் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் வேலை பற்றிய கேள்வியோடு ஒரு வாசகம் சேர்ந்தது: வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்து. அப்புறம் 1998-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டை, அதாவது ஒருவர் ஒரு நாளின் நேரத்தை எதெதில் செலவிடுகிறார் என்பதை, சோதனையாகக் கணக்கெடுத்தார்கள். 2019-ல் நாடு முழுக்க எடுத்தார்கள். ஒரு நாளில் வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். செய்தவர்களிலும் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அப்படி வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தினமும் ஏறக்குறைய 5 மணி நேரம்.

1991-ல் நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். லீவுக்குப் போனபோது அம்மாவிடம், "இந்தத் தடவை என்னம்மா சொன்னீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "நான் தண்ணிக்குப் போயிருந்தேன்டி. அப்பாதான் பதில் சொன்னார்" என்றார்.

அதனால் உங்களுக்கு முதல் வேலை இது. ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலோ விடுதிச் சமையலறையிலோ ஒரு பெண்ணிடம், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தார் என்று அரை மணிக்கு அரை மணி கேட்டு எழுதுங்கள். வகுப்பில் இருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இதேதான். வேறு யாரும் அவருக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள். "சும்மா இருந்தேன்" என்று அவர் சொன்னால், அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டோடு வாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.