இரவல் போகிற புத்தகம் பூஞ்சணம் பிடிக்காது

(இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் சித்திரை விடுமுறைக்கு முன் நிகழ்த்திய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கதிரைகளும் ஒலிபெருக்கியும் தந்துதவிய இளைஞர் மன்றத் தம்பிமார்களே, மலையிலிருந்து இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரிய கங்காணி ஐயாவின் குடும்பத்தாருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். ஒரு சின்ன விண்ணப்பமும் உண்டு. அடுத்த கூட்டத்தில் பேச வருகிறவருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுங்கள். அவர் அதை வாசித்துவிட்டு இங்கேயே திருப்பித் தந்துவிட்டுப் போகட்டும்.

அண்மையில் வாசித்ததில் பிடித்த புத்தகங்கள், வரப்போகும் மழைக்காலத்தில் வாசிக்க வேண்டியவை, மழையிலிருந்து புத்தகத்தைக் காப்பது, பிள்ளைகளுக்கான வாசிப்பு என்று நான்கு காரியங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான்குக்கும் நடுவில் நூலாக ஓடுவது ஒரே பழமொழிதான். எந்த மேடையிலும் அதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. சிறுதுளி பெருவெள்ளம்.

புத்தகங்களிலிருந்து தொடங்குகிறேன். இந்த மூன்று மாதத்தில் வாசித்தவற்றில் முதலிடம் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலுக்கு. 1964இல் வந்தது. தலைப்பே பாதிப் பழமொழி. 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்ற மீதியைச் சொல்லாமல் விட்டதில்தான் நாவல் முழுவதும் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தபோது பச்சை, கிட்ட வந்து பார்த்தபோது அட்டை, குளிர், கடன்.

அடுத்தது என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. கொழுந்தின் எடைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் மானம் நிற்கிறது என்பதைக் கதையாக எழுத, நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கண் வேண்டும். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியையும், 2000இல் வந்த அவருடைய 'மலையகச் சிறுகதை வரலாறு' நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதலாவதில் அவர் கதை சொல்கிறார். இரண்டாவதில், தமக்கு முன்னும் தம்மோடும் எழுதியவர்களை ஒருவர் விடாமல் தேடிப் போகிறார். சி.வி. வேலுப்பிள்ளையைச் சொல்லாமல் போனால் அவர் பிறந்த மடகொம்பரைத் தோட்டத்தார் என்னை மன்னிக்கமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய கவிதை ஆங்கிலத்தில் பிறந்தது. சக்தீ அ. பாலஐயா அதைத் தமிழாக்கிய பிறகுதான் யாரைப் பற்றிப் பாடினாரோ அவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது.

இன்னொன்று ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. 1869இல் அச்சானது. கோப்பி எப்படிப் பயிரிடுவது என்பதைக் கும்மியாகப் பாடியது. அதே 1869இல்தான் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் துருநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிறகு இருபது ஆண்டுக்குள் கோப்பி சரிந்துவிட்டது, தேயிலை வந்துவிட்டது. பயிர் போன பிறகும் பாட்டு நிற்கிறது. அது எப்படி நின்றது? யாரோ சிலர் கை மாற்றிக் கை மாற்றி வைத்திருந்ததால் நின்றது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இதுதான்.

(இப்பொழுது வந்து சேர்ந்திருக்கும் வைத்திய அதிகாரி அம்மா அவர்களை வணங்கி வரவேற்கிறேன். முன்வரிசையில் இடம் கொடுங்கள், தம்பி.)

இந்த இடத்தில் கோ. நடேசய்யரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், தஞ்சாவூரிலிருந்து ஒரு மனிதர் இலங்கைக்கு வருகிறார். தோட்டத்துச் சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் தோட்டத்துக்குள் அந்நியர் கால் வைக்க முடியாது. அத்துமீறல் சட்டம் குறுக்கே நிற்கிறது. உறவுக்காரர் வந்தாலும் துரையிடம் கேட்கவேண்டிய காலம். கேற்றில் காவற்காரன், அதைத் தாண்டினால் கங்காணி, அதற்கும் மேலே வெள்ளைத்துரை. யாருக்குத் தடையில்லை? சேலை விற்கிறவனுக்குத் தடையில்லை. நடேசய்யர் புடவை வியாபாரியானார். மூட்டையைச் சுமந்துகொண்டு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறினார். யோசித்துப் பாருங்கள். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மூட்டையை அவிழ்க்கிறார். பெண்கள் கூடுகிறார்கள். ஒருத்தி கரையைத் தடவிப் பார்க்கிறாள், ஒருத்தி விலை கேட்கிறாள், ஒருத்தி சம்பளம் வரட்டும் என்கிறாள். சம்பளம் எப்போது வரும், எவ்வளவு வரும், பிடித்தம் எவ்வளவு? வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதானே! சந்தேகமே வராது. அவர் சேலை விற்க வரவில்லை, எழுத வந்தார். பார்த்ததை எழுதினார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் கண்டார். 1936இல் இதே அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் சும்மா இருக்கவில்லை. கேட்கிறவர் காதுக்குப் பழக்கமான மெட்டிலே பாட்டுக் கட்டினார், பாடினார், அச்சிட்டும் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு அச்சுப் புத்தகம் எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். சிறுதுளி பெருவெள்ளம்.

அன்றைக்குக் கேற்றைத் தாண்டி எழுத்து உள்ளே வருவது கஷ்டம். இன்றைக்குக் கேற் திறந்து கிடக்கிறது, அலுமாரிதான் பூட்டிக் கிடக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வாசிகசாலை என்று பலகை தொங்குகிறது. சாவி யாரிடம் என்றால் தலைவரிடம், தலைவர் எங்கே என்றால் கொழும்பில். புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அது பத்திரமில்லை. அலுமாரிக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது.

எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நம்முடைய மேற்குச் சரிவு முழுவதும் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஈரம் காய்வதில்லை. காற்றில் ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே தாளில் பூஞ்சணம் வளர ஆரம்பித்துவிடும். மூன்று மழைக்காலம் மூடிக் கிடந்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுங்கள். அட்டையில் சாம்பல் பூத்திருக்கும். நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து, இரண்டு பக்கமும் கபில நிறத்தில் ஒழுகியிருக்கும். விரித்தால் கம்பிக்குப் பக்கத்தில் தாள் பொடியாக உதிரும். முதுகுப் பக்கத்துப் பசையை இராமபாணப் பூச்சி நக்கி எடுத்திருக்கும். படம் அச்சிட்ட வழவழப்புத் தாள் நான்கைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். அதைப் பிரிக்கப் பார்த்தால் முகங்கள் கிழிந்து வரும். ஆயிரம் பிரதி, ஐந்நூறு பிரதி அச்சிட்ட புத்தகங்கள் இவை. மறுபதிப்பு இல்லாவிட்டால் அதோடு சரி.

இரவல் போகிற புத்தகத்துக்கு இந்தக் கதி இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது விரித்துப் புரட்டுகிறார்கள், காற்றுப்படுகிறது, பூச்சி குடியிருக்க முடிவதில்லை. கை அழுக்குப் படும், ஓரம் மடங்கும். அதைத் துடைக்கலாம், நிமிர்த்தலாம். உதிர்ந்த தாளை ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே அலுமாரி வேண்டும், ஆனால் முறையாக வேண்டும். 3 அடி அகலம், 5 அடி உயரம், 5 தட்டு. ஒரு தட்டில் 45 புத்தகத்துக்கு மேல் அடைக்காதீர்கள். இழுத்தெடுக்க முடியாமல் நெருக்கினால் முதுகு கிழியும், காற்றும் போகாது. தகர அலுமாரியைவிடப் பலகை நல்லது. தகரம் இரவில் குளிர்ந்து உட்பக்கம் வியர்க்கும். தகரந்தான் கிடைக்கிறது என்றால் பின்பக்கம் மேலும் கீழும் துளை போடுங்கள். கதவுக்குக் கண்ணாடியைவிடக் கம்பிவலை மேல். சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கருங்கல் சுவர் மழைக்காலம் முழுக்க ஈரம் கக்கும். அடித்தட்டு நிலத்திலிருந்து 6 அங்குலமாவது உயரட்டும். கறையான் ஏறாமல் கால்களைப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவுக்குள் வையுங்கள். கூரைத் தகரத்து ஆணித் துளைகளை மழைக்கு முன்பே பார்த்து அடையுங்கள். அங்கேயும் என் பழமொழிதான், அங்கே அது எதிரிக்காக வேலை செய்கிறது. ஆணித் துளையில் சொட்டுகிற சிறுதுளி ஒரே இரவில் ஒரு தட்டைத் தின்றுவிடும்.

பொலித்தீன் உறை போடவேண்டாம். அது உள்ளே இருக்கிற ஈரத்தை உள்ளேயே பூட்டும். பழுப்புத் தாள் உறை போதும். பூச்சி உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது, பிள்ளைகளின் மூச்சுக்கும் ஆகாது. துருக்கம்பியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். நம் பெண்களில் ஊசி பிடிக்கத் தெரியாதவர் யார்?

புத்தகம் நனைந்துவிட்டால் 48 மணித்தியாலம்தான் அவகாசம். அதற்குள் காயாவிட்டால் பூஞ்சணம் வந்துவிடும். அடுப்புக்கு மேலே தொங்கவிடக்கூடாது. சூடு பட்டால் பசை வெடிக்கும், தாள் நெளியும், புகை வேறு ஏறும். இருபது பக்கத்துக்கு ஒரு பழைய பத்திரிகைத் தாளைச் செருகி, சில மணிக்கொருமுறை மாற்றி, ஈரம் குறைந்ததும் விசிறி போல விரித்து நிழலில் நிறுத்துங்கள். ஏற்கனவே பூஞ்சணம் பிடித்திருந்தால் முதலில் காயவிடவேண்டும். பிறகு மூக்கை மூடிக்கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும்.

இனி மழைக்காலத்து வாசிப்பு. மேற்குச் சரிவில் வைகாசி பிறக்கும்போது கொழுந்து அடங்காது. பெண்களுக்குக் களைப்பு. அப்போது நாவல் எடுக்காதீர்கள், சிறுகதை எடுங்கள். உரக்க வாசித்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். பத்துப் பக்கக் கதை 25 நிமிடத்தில் முடியும். ஒரு இரவுக்கு ஒரு கதை. ஆடியில் மழை இறுகிக் கொழுந்து குறையும், ஆவணியில் பிள்ளைகளுக்கும் விடுமுறை வரும். நாவலுக்கு அதுவே காலம். 200 பக்க நாவல் ஒன்று, இரவுக்கு அரைமணி என்றால் 17 இரவில் முடிந்துவிடும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடிய விடியக் கூத்தாகப் பார்த்த சனம் நாம், அரைமணி பெரிதா? ஒருவரே வாசித்துத் தொண்டை கட்டாமல், பத்துப் பக்கத்துக்கு ஒருவர் மாறுங்கள். பள்ளிப் பிள்ளை வாசிக்கட்டும், பாட்டி சொல்லுக்குச் சொல் திருத்தட்டும். நாற்றங்காலைச் சொல்லும் 'தவறணை', செடி கத்தரிப்பதைச் சொல்லும் 'கவ்வாத்து' என்ற சொற்களுக்கு அகராதியைவிடப் பாட்டியின் விளக்கம் தெளிவு. 'தூரத்துப் பச்சை'யை இந்த ஆடிக்கு வையுங்கள். ஒக்டோபர் நாடு முழுவதும் வாசிப்பு மாதம். அதற்குச் சிறுகதை வரலாற்றை எடுத்தால் அடுத்த வருஷத்துக்கான புத்தகப் பட்டியலும் அதிலிருந்தே கிடைக்கும். பதுளை, பசறைப் பக்கத்து உறவுகள் இந்தத் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். நமக்கு மழை கொட்டும்போது உங்களுக்கு வறண்ட கச்சான் காற்று. உங்கள் நாவல் காலம் மார்கழி.

நான்காவதாகப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வேன் என்றேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குத் தனிக் கூட்டமே போடவேண்டும். இப்போது அலுமாரிக் காரியம்.

இந்த டிவிசனில் 60 குடும்பம். வீட்டுக்கு மாதம் 50 ரூபா என்றால் 3,000 ரூபா. இரண்டு மூன்று புத்தகம் வாங்கலாம், வருஷ முடிவில் ஒரு தட்டில் பாதிக்கு மேல் நிரம்பும். சிறுதுளி பெருவெள்ளம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு இலக்கம். அதை முதல் பக்கத்திலும் 21ஆம் பக்கத்திலும் பென்சிலால் எழுதுங்கள். முதல் தாள் கிழிந்தாலும் புத்தகம் யாருடையதென்று தெரியும். இரவல் 14 நாள். தண்டப்பணம் வைக்காதீர்கள். ஐம்பது ரூபாவுக்குப் பயந்து புத்தகத்தையே திருப்பித் தராமல் விட்டவர்கள்தான் எங்கும் அதிகம். நாள் தாண்டினால் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிக் கேளுங்கள், வந்துவிடும். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம், ஒன்று உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியிடம். இருவரும் தினமும் தோட்டத்தில் இருப்பவர்கள். தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, தலைவரிடம் சாவி வேண்டாம்.

இதோ, மேசையில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்திருக்கிறோம். வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகம் ஒன்றைத் தரக்கூடியவர்கள் புத்தகத்தின் பெயரையும் லய இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். தச்சுவேலை தெரிந்த தம்பிமார் இருவர் வேண்டும். வைகாசி மழைக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.