வ.உ.சி தன் மகனுக்கு ஏன் ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரை வைத்தார்? | வக்கீல் பதிவு நீக்கம் என்றால் என்ன?

வணக்கம் மக்களே! கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனார் தன் கடைசி மகனுக்கு வைத்த பெயர் வாலேஸ்வரன். ஏதோ ஊர்க் கோயில் சாமி பெயர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் பெயர்! வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர், இப்படி ஒரு பெயர் வைக்கிற அளவுக்கு அந்த நீதிபதி என்னதான் செய்தார்?

அதற்கு முன்னால் சட்டத்தை மளமளவென்று முடித்துவிடுவோம். சட்டம் படித்தால் மட்டும் கோர்ட்டில் வாதாட முடியாது. வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பான மாநில பார் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நீக்கம் என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுவது. பட்டம் கையில் இருக்கும், ஆனால் வக்காலத்து போட முடியாது. மீறி வாதாடினால் ஆறு மாதம் வரை சிறை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் சொல்வது இது. முடிந்தது, தூங்கிவிடாதீர்கள்.

இப்போது வ.உ.சி. தூத்துக்குடியில் பேர் வாங்கிய வக்கீல். 1908 மார்ச்சில் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒரு மனுஷனுக்கு எத்தனை ஆயுள் இருக்கும் என்று நினைத்தாரோ தெரியவில்லை! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. சிறையில் செக்கிழுத்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தால், கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் (தொழில் செய்வதற்கான உரிமமும்) இல்லை. தண்டனை முடிந்துவிட்டது, ஆனால் தெரிந்த தொழிலைச் செய்ய வழியில்லை. பெரிய வருமானத்தில் வாழ்ந்த குடும்பம் அன்றாடச் செலவுக்கே திண்டாடியது.

அந்தச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர்தான் வாலஸ். அதற்கு அப்புறம் வ.உ.சி கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீலாக உட்கார்ந்தார். எதிர்த்த அரசாங்கம் வேறு, உதவிய மனுஷன் வேறு என்று பிரித்துப் பார்த்து, நன்றியைப் பிள்ளைக்கே பெயராக வைத்தார் பாருங்கள், அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

காந்திக்கும் இது நடந்திருக்கிறது. 1922-இல் தேசத்துரோக வழக்கில் ஆறு வருடத் தண்டனை கிடைத்ததும், அவர் பாரிஸ்டராகப் பதிவு பெற்றிருந்த லண்டன் வக்கீல் சங்கமான இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988-இல், அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து! ஆனால் காந்தி அப்போது வக்கீல் தொழிலையே விட்டிருந்தார். வ.உ.சிக்கோ அதுதான் சோறு. என்னைக் கேட்டால் அடி பலமாக விழுந்தது அவருக்குத்தான்.

சரி, இன்றைக்கு யார் நீக்கலாம்? நீதிபதி நினைத்தால் முடியுமா? 1995-இல் ஒரு கூத்து நடந்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றம் ஒரு வக்கீலை மூன்று வருடம் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. அவர் யார் தெரியுமா? வக்கீல்களின் ஒழுக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இந்திய பார் கவுன்சிலின் தலைவரே! ஆனால் 1998-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அவமதிப்பு வழக்கில் அப்படி நிறுத்த எங்களுக்கே அதிகாரமில்லை, அது பார் கவுன்சிலின் வேலை என்று சொல்லிவிட்டது.

அங்கே விசாரிப்பது மூன்று பேர் குழு. மூவருமே வக்கீல்கள். இதில் பொதுமக்கள் தரப்பில் ஒருவராவது இருக்கலாம் என்பது என் கட்சி. கண்டித்து விடலாம், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், கடைசியாக நீக்கலாம். கேஸ் தோற்றதற்காக யாரையும் நீக்க மாட்டார்கள். கட்சிக்காரர் பணத்தை அமுக்கினால், பொய்க் கையெழுத்துப் போட்டால் மாட்டுவார்கள். நீக்கப்பட்டவர் அறுபது நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கேயும் தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம்.

உங்கள் வக்கீல்மேல் புகார் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். ரசீதும் வக்காலத்து நகலும் பத்திரம். மாநில பார் கவுன்சில் ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால், கோப்பு இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். குழுவில் வெளியாள் வேண்டுமா, வேண்டாமா? கமெண்ட்டில் சண்டை போடுங்கள், வக்கீல் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாக!