நடைக்கு முன் பாதத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மருத்துவர்களாகிய நாங்கள் சலிக்காமல் சொல்வது, நடக்க வேண்டும் என்பதுதான். உழைக்கும் தசைகள் இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பயன் ஓரிரு நாளில் மங்கிவிடுவதால்தான், வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்வதோடு, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்றும் வலியுறுத்துகிறோம். ஆனால் அந்த நடையைச் சுமக்கும் பாதத்தைப் பற்றி அதே அக்கறையுடன் நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாதபோது பாத நரம்புகள் பழுதடைகின்றன. சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். வேறு பலருக்கோ எந்தத் தொல்லையும் தெரியாமலேயே உணர்ச்சி குறைந்துவிடும். வலி இல்லாததால் பாதம் நலமாக இருக்கிறது என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய கைகால்கள் சிதைவதற்குப் பெரும் காரணம், வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். அது சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. தொழுநோயாளிகளுக்கு வழங்கப்பட்ட, மெத்தென்ற நுண்துளை ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பை இவர்களுக்கும் நாங்கள் பரிந்துரைப்பது அதனால்தான்.

திருவண்ணாமலையில் கிரிவலம் செல்வோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலுடன் நடக்கிறார்கள். பக்தியும் உடற்பயிற்சியும் ஒருங்கே கிடைக்கின்றன என்று மகிழும் சர்க்கரை நோயாளிகள், புறப்படும் முன் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் அந்தத் தூரம் நடக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வெயிலில் காய்ந்த கோயில் கற்தளமும் அவர்களுக்கு ஆபத்தானது. கொப்புளம் எழுந்த பிறகும் சூடு தெரிந்திருக்காது.

அன்றாட நடைக்குப் பின்பக்க வாருள்ள, விரல்களை நெருக்காத காலணி வேண்டும். அணியும் முன் உள்ளே கைவிட்டுச் சிறு கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும், அதற்கெனக் கடையில் விற்கும் கார்ன் கேப் என்ற மருந்துப் பட்டையை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், நடக்கும்போது இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டால் உடனே சாப்பிடச் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள்.

பாதத்தில் புண் வந்துவிட்டால் நடைப்பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு அடியிலும் விழும் அழுத்தம் புண்ணை ஆறவிடாது. புண் ஆறும்வரை நாற்காலியில் அமர்ந்து கைகளுக்கும் தோள்களுக்கும் பயிற்சி செய்யலாம். சிவப்பு, வீக்கம், சீழ் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.