விண்டருக்கு முன்னால் எங்கள் ஸ்கார்பரோ வீட்டில் பார்க்கும் வேலைகள்

வணக்கம் மக்களே. தீபாவளி முடிந்தாச்சு, பட்சண டப்பா எல்லாம் காலி, இந்த ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கப் போகிறோம், அதாவது டொராண்டோவில் விண்டர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. இப்போது வெளியே ஏழெட்டு டிகிரிதான், விரல் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அதனால் வெளிவேலையை எல்லாம் இப்போதே முடித்தாக வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதலில் ஓடுவது ஜாக்கெட் வாங்கத்தான். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே குடித்தனம் நடத்தியதில் எனக்குப் பிடிபட்ட விஷயம், குளிரை ஹீட்டர் பார்த்துக்கொள்ளும், நம்மைப் பாடாய்ப் படுத்துவது ஈரம். நனைந்த கையுறை, ஜன்னலில் வழியும் தண்ணீர், குழாய்க்குள் உறையும் தண்ணீர், வாசலில் உருகி ராத்திரியில் மறுபடி கட்டியாகிற பனி, எல்லாம் ஒரே ஆள்தான், வேஷம்தான் வேறு.

முதலில் பின்பக்கம் வாருங்கள். இதுதான் தோட்டக் குழாய். ஹோஸைக் கழற்றிவிட்டேன், அதை மாட்டியபடியே விட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும். இப்போது பேஸ்மென்ட்டில் இந்தக் குழாய்க்குப் போகிற வால்வை மூட வேண்டும், மூடிவிட்டு மறுபடி வெளியே வந்து குழாயைத் திறந்து, மிச்சமிருக்கும் தண்ணீர் முழுக்க வடியவிட வேண்டும். அந்த வால்வின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மூடி இருக்கும், பாருங்கள், அதை லேசாகத் திருகினால் மீதித் தண்ணீரும் சொட்டிவிடும், கீழே ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், அதற்குச் செப்புக் குழாய் தாங்காது. வெடித்தது அப்போதைக்குத் தெரியாது என்பதுதான் இதில் மோசம், மே மாதம் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று ஆசையாகத் திறக்கும்போது பேஸ்மென்ட் சுவருக்குள் கொட்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் இதை நன்றாகக் கேளுங்கள். டிக்கெட் போட்டாச்சு, கல்யாணப் புடவை எடுத்தாச்சு, வீட்டில்தான் யாரும் இல்லையே என்று ஹீட்டரை அணைத்துவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள். 15 டிகிரி போல வைத்துவிட்டு, தண்ணீருக்கான மெயின் வால்வை மூடிவிட்டு, சாவியை நம்பிக்கையான ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் சில நாள் வீடு பூட்டிக் கிடந்தால் யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும் என்று பல வீட்டுக் காப்பீடுகளில் நிபந்தனை இருக்கிறது, இல்லாவிட்டால் குழாய் வெடித்ததற்குப் பணம் வராது. எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எடுத்துப் படித்துவிடுங்கள்.

உள்ளே வந்தாச்சு. வீட்டைச் சூடாக்குகிற பர்னஸின் ஃபில்டரை மாற்றிவிட்டேன், பழையதைக் காட்டவே கூசுகிறது, அவ்வளவு தூசி. கடிகாரம் மாற்றுகிற நாளிலேயே புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் இரண்டிலும் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுவது வழக்கம், தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புகை அலாரத்துக்கு ஆயுசு பத்து வருஷம்தான், பின்பக்கம் தேதி போட்டிருக்கும். கேஸ் பர்னஸோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் 2026 ஜனவரி 1 முதல் எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தாக வேண்டும். வாங்க யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 டிசம்பரில் இங்கே விழுந்ததும் கட்டியாகிற உறைமழை பெய்து மரமெல்லாம் முறிந்து விழுந்து, டொராண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில இடங்களில் கிறிஸ்துமஸ் வரைக்கும் வரவில்லை. அந்தச் சமயத்தில் வீட்டுக்குள்ளேயும் கராஜிலும் கரி அடுப்பும் ஜெனரேட்டரும் போட்டு விஷவாயுவில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பதெல்லாம் பாதுகாப்பு இல்லை.

ஜன்னலுக்கு வருவோம். நம் சமையல்தான் இதில் முதல் குற்றவாளி. சாதம் வடிக்கிறோம், ரசம் கொதிக்கிறது, இட்லிப் பானை ஆவி தள்ளுகிறது, போதாததற்குத் துணியையும் உள்ளேயே காயப் போடுகிறோம். அந்த ஆவி எல்லாம் நேரே குளிர்ந்த கண்ணாடியில் போய் உட்கார்ந்து, வழிந்து, கீழ்ச் சட்டத்தில் கறுப்புப் பூசணமாகிறது. அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைத் தாளிக்கும்போது மட்டும் போடாமல், சமையல் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பகலில் திரைச்சீலையை விலக்கி வையுங்கள், வீட்டுக்குள் இருக்கிற சூடு கண்ணாடி மேல் பட வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன், வெளியே மைனஸ் 10-க்குக் கீழே போனால் இதில் 30 சதவீதம் பக்கம் இருந்தால் போதும். மூக்கு வறண்டு ரத்தம் வருகிறதே என்று ஈரப்பதம் கூட்டுகிற ஹ்யூமிடிஃபையரை நாள் முழுக்க ஓடவிட்டால் மறுபடி ஜன்னல் அழும். இரண்டுக்கும் நடுவில் பிழைக்க வேண்டியதுதான்.

மாவு புளிக்கவில்லை என்கிற பஞ்சாயத்து இனி நாலு மாசத்துக்கு உண்டு. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை அதற்குள் ராத்திரி முழுக்க வையுங்கள். பழைய மாதிரி குண்டு பல்பாக இருந்தால்தான் சூடு வரும், எல்இடி விளக்கு பிரயோஜனம் இல்லை. ஓவன் திருகியின் மேல் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், காலையில் யாராவது தூக்கக் கலக்கத்தில் பீட்சாவுக்குச் சூடாக்கப் போடுவார்கள்.

இதோ நம்ம கறிவேப்பிலை. ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன்னாலேயே உள்ளே எடுத்து வந்துவிட்டேன். எடுத்து வரும் முன் இலைக்கு அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், தண்டோடு ஒட்டிப் பழுப்பாகச் சின்னச் சின்ன பொட்டு மாதிரி இருக்கும், அது பொட்டு இல்லை, செதில் பூச்சி. நகத்தால் சுரண்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். தெற்குப் பார்த்த ஜன்னல், ஹீட்டர் காற்று நேரே படாத இடம். டிசம்பரில் இலை எல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும், அய்யோ செத்துப்போச்சே என்று தண்ணீரை ஊற்றித் தள்ளினால் அப்போதுதான் நிஜமாகவே வேர் அழுகிச் சாகும். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சமாக விட்டால் போதும்.

இப்போது வாசல். காலை நேரத்து யுத்தம் முழுக்க இந்த நாலடி இடத்தில்தான். பூட்ஸ் வைக்க விளிம்பு உயர்ந்த தட்டு, அதில் உருகிய தண்ணீர் நிற்கும், தரைக்குப் போகாது. பூட்ஸுக்குள் இருக்கிற உறை தனியாகக் கழன்று வரும், அதை ராத்திரி வெளியே எடுத்துக் காயப் போடச் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, ஒன்று பையில், ஒன்று கையில், எல்லாவற்றிலும் மார்க்கரில் பெயர். சின்னவளுக்கு விரல் பிரித்த கையுறை வேண்டாம், நாலு விரலும் சேர்ந்து கிடந்தால்தான் சூடு நிற்கும். உள்ளே பருத்தி சாக்ஸும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. ஸ்னோ பேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை என்று வரிசை வைத்துப் பழக்கினால் அஞ்சு வயசுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும். அத்தனையும் மாட்டி ஜிப்பை இழுத்த பிறகுதான் ‘அம்மா, ஒன்னுக்கு’ என்று சொல்லும், அதற்கு எந்தத் தயாரிப்பும் கிடையாது.

கார் சீட்டில் உட்கார வைக்கும்போது மட்டும் அந்தப் பஞ்சு மாதிரி உப்பின ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ஜாக்கெட்டோடு உட்கார வைத்து வாரை இறுக்குங்கள், அப்புறம் வாரைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுத்து, ஜாக்கெட் இல்லாமல் மறுபடி அதே வாரை மாட்டுங்கள். எவ்வளவு தொளதொளவென்று கிடக்கிறது என்று பாருங்கள், மோதினால் பிள்ளைக்குப் பிடிமானம் அவ்வளவுதான். மெல்லிய ஸ்வெட்டர் போட்டு, வார் மாட்டிய பிறகு மேலே போர்வை போர்த்தலாம்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும் வீட்டில் வேறு கவலை. டிசம்பரில் நாலே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது, அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ‘மனுஷ நடமாட்டமே இல்லையே’ என்பார்கள். வெயில் அடிக்கிற நாளில் மதியம் கொஞ்ச நேரம் வெளியே அழைத்துப் போங்கள், காலணிக்கு அடியில் மாட்டுகிற கம்பிப் பல் வாங்கிக் கொடுங்கள். வழுக்குகிற நாளில் மாலுக்குள் நடக்கலாம். டொராண்டோ நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, காசு கிடையாது. ஃப்ளூ ஊசியையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

உப்பு வாங்கியாச்சு. மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது, அப்போது மணல் தூவுவோம். பனி விழுந்ததும், யாரும் மிதித்து இறுகுவதற்கு முன்னால் தள்ளிவிட்டால் உப்பே பாதிதான் செலவாகும். இதய நோய் உள்ளவர்கள் மண்வாரியைத் தொடவே வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு கொடுங்கள்.

மிச்சம் டயர்தான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி விண்டர் டயர் கட்டாயம், இங்கே கட்டாயம் இல்லை, ஆனால் ஏழு டிகிரிக்குக் கீழே மற்ற டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும். 2016 முதல் ஒன்டாரியோவில் கார் காப்பீட்டு நிறுவனங்கள் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் போனால் ஊரே வரிசையில் நிற்கும் என்பதால் இன்றைக்கே நேரம் வாங்கியிருக்கிறேன், அரை மணியில் அங்கே இருக்கணும். வரட்டுமா மக்களே.