எச்61 போர்டில் ஐ5-3470 ஓடுமா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் எச்61 மதர்போர்டும் ஐ3-2100 பிராசசரும் இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் ஐ5-3470 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் ஓடுமா அண்ணா?"

பெரும்பாலும் ஓடும் தம்பி. ஆனால் காசைக் கொடுக்கும் முன் பயாஸைப் பாருங்கள், அதாவது போர்டுக்குள்ளேயே இருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருளை. இரண்டு பிராசசருக்குமே எல்ஜிஏ 1155 சாக்கெட்தான் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்தால் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கலே. எச்61 2011-இல் வந்தது. அன்றைக்கு இருந்தது இன்டெலின் இரண்டாம் தலைமுறை பிராசசர்கள், உங்கள் 2100-உம் அதுதான். 3470 மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது.

நானே இப்படி முழித்திருக்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றி, அரை நாள் போய்விட்டது. கடைசியில் பழைய ஐ3-ஐயே திரும்பப் போட்டு பயாஸை அப்டேட் செய்த பிறகுதான் ஐ5 உயிர் பெற்றது. அதனால் அப்டேட் முடியும்வரை அந்த 2100-ஐ விற்றுவிடாதீர்கள்.

சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்தால் மாடல், ரிவிஷன், பயாஸ் பதிப்பு மூன்றும் தெரியும். போர்டு கம்பெனியின் தளத்தில் அதே மாடலுக்கான சிபியு (பிராசசர்) சப்போர்ட் பட்டியலை எடுங்கள். 3470 வரிசையில் எந்தப் பயாஸிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். ரிவிஷனும் ஒத்துப்போக வேண்டும், ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வருவதுண்டு. அப்டேட் செய்யும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட பிசி என்றால் கவனம். அவற்றில் எச்61-க்குப் பதிலாக க்யூ65, க்யூ67, பி65 சிப்செட் (போர்டின் முக்கியச் சில்லு) இருக்கலாம். அவற்றுக்கு மூன்றாம் தலைமுறை சப்போர்ட்டை இன்டெல் அதிகாரப்பூர்வமாகத் தரவில்லை. அங்கே ஐ5-2400 போதும், வம்பில்லை.

நான்காம் தலைமுறை போடலாமா என்றும் சிலர் கேட்கிறீர்கள். முடியாது, அது எல்ஜிஏ 1150. பிராசசர் ஓரத்தில் இருக்கும் காடியே வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், பின்கள் இருப்பது போர்டில், வளைந்துவிடும். அப்புறம், பழைய போர்டு வாங்கும்போது சாக்கெட் மூடியைத் திறந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பின்கள் எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது வளைந்திருக்கலாம், வேறு போர்டு பாருங்கள்.