ஒரு லட்சத்தில் ஒருவர்: சைனஸ் புற்றுநோயின் கணக்கு

[திரையில்: பழைய மர நாற்காலி. பின்னணியில் ரம்பத்தின் ஓசை.]

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் பீச் மரக் காடுகள். நாற்காலி செய்வதுதான் ஊரின் அடையாளம். உள்ளூர்க் கால்பந்து அணிக்குக்கூட 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் பட்டப்பெயர்.

1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டுக்கு ஒன்று உறுத்தியது. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்க்கக்கூடிய நோய், அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்களில் பலர் மரவேலை செய்தவர்கள்.

[திரையில்: முகத்தின் குறுக்குவெட்டுப் படம். கன்னம், நெற்றி, கண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஆகியவற்றில் உள்ள காற்றறைகள் ஒளிர்கின்றன.]

சைனஸ் என்றதும் நமக்குத் தலைவலியும் ஆவி பிடிப்பதும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது நோயின் பெயரே அல்ல. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் பெயர். மூக்கிலும் இந்த அறைகளிலும் புற்றுநோய் வருவது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஹாட்ஃபீல்டும் ஆக்ஸ்ஃபோர்டின் நோய்ப்பரவல் ஆய்வாளர் டொனால்ட் அச்சிசனும் மற்றவர்களும் சேர்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வில், அப்பகுதி மரச்சாமான் தொழிலாளர்களிடையே மூக்கின் அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் எழும் புற்றுநோய் வகை) ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 0.7 என்று வந்தது. லட்சத்துக்கு மாற்றினால் 70. மறுஆண்டே பிரிட்டன் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 1970இல் நார்தாம்ப்டன்ஷயரின் காலணித் தொழிலாளர்களிடமும் இதே கதை வெளிப்பட்டது. அங்கே தோல் தூசி. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் உறுதிசெய்தது.

தூளைச் சுவாசிக்கத் தொடங்குவதற்கும் கட்டி தெரிவதற்கும் இடையே 40 ஆண்டுகள்கூட ஓடிவிடும். வேலையை விட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகு வரும் நோயைப் பழைய பட்டறையோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்கும் மருத்துவர் வேண்டும்.

[திரையில்: ஒரு முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம்.]

சரி, பிழைப்பவர்கள் எத்தனை பேர்? அமெரிக்கக் கணக்கில், ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர். கட்டி தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது பிடிபட்டால் எட்டுக்கு மேல். ஆனால் பெரும்பாலும் அப்படிப் பிடிபடுவதில்லை. வெற்றறைக்குள் வளரும் கட்டிக்கு இடம் தாராளம். எதையும் அழுத்தாமலே பெரிதாகும். ஒரு பக்கம் மட்டும் நீங்காத மூக்கடைப்பு, அதே பக்கம் இரத்தம் கலந்த சளி, மேல்வரிசைப் பல் ஆட்டம், கன்னத்தில் மரத்துப்போதல். இவற்றைச் சளித் தொல்லை என்றோ பல் தொல்லை என்றோ நினைத்து மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

இப்போது ஒரு விரலைக் கண்ணின் உள்முனையில் வையுங்கள். இன்னொன்றைக் காதுக்குக் கீழே, தாடை வளையும் மூலையில். இரண்டையும் இணைக்கும் கோட்டை 1933இல் வரைந்தவர் ஸ்வீடனின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஓன்கிரன். மேல்தாடை சைனஸில் வரும் கட்டி இந்தக் கோட்டுக்கு முன்னும் கீழும் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. கோட்டுக்கு மேலேயும் பின்னேயும் என்றால், பக்கத்திலேயே கண்குழி, மண்டையோட்டின் அடித்தளம். முழுவதையும் வெட்டியெடுப்பது கடினம். ஸ்கேன் இல்லாத காலத்துக் கோடு; இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

அந்தப் 'பத்தில் ஆறு' என்ற சராசரியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. முகர்வு நரம்புத் திசுவில் எழும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமாவில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். சளிச்சவ்வின் நிறமிச் செல்களில் எழும் மெலனோமாவிலோ மூன்று பேர் தேறினாலே பெரிது.

இன்னொரு வகை, சுரப்பிகளில் எழும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. ஐந்தாண்டுக் கணக்கில் இது சாதுவாகத் தெரியும். மெல்ல வளரும், நரம்புகளை ஒட்டி ஊர்ந்து போகும். பத்து, பதினைந்து ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் தலைகாட்டும். அதனால்தான் எந்தத் தொல்லையும் இல்லாதவரைக்கூட மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

[திரையில்: மீண்டும் அதே நாற்காலி. இப்போது ஓசை இல்லை.]